பூந்திக்கொட்டைப் புராணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது லட்டு பிடிக்கிற பூந்தி அல்ல.

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவரிடம், "சாயங்காலம் கீழமாசி வீதிப் பக்கம் போறேன். பூந்திக்கொட்டை வாங்கணும்" என்றேன். "பூந்திக்கு ஏது சார் கொட்டை? அதைக் கடலை மாவுலதானே செய்வாங்க?" என்று கேட்டார். எம்.சி.ஏ. படித்தவர். கிண்டல் இல்லை, முகத்தில் நிஜமான சந்தேகம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் வாஷிங் மெஷின் ஓடுகிறது. நகை என்றால் ஏ.சி. ஷோரூம். பூந்திக்கொட்டையை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? ஆகவே, அவருக்கும் அவரைப் போன்ற தம்பிமார்களுக்குமாக இந்தப் புராணம்.

பூந்திக்கொட்டை என்பது ஒரு மரத்தின் காய்ந்த பழம். நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய்க்கும் சீயக்காய்க்கும் பக்கத்தில் சாக்கு மூட்டையில் உட்கார்ந்திருக்கும். செம்பழுப்பு நிறம். தோல் வற்றிச் சுருங்கித் தாத்தாவின் கன்னம் மாதிரி இருக்கும். நம்ம பக்கத்துப் பழம் மூன்று குட்டிப் பழங்களை முதுகோடு முதுகு ஒட்டிவைத்தாற்போல வளரும். ஒவ்வொன்றுக்குள்ளும் கன்னங்கரேலென்று ஒரு விதை. கோலிக்குண்டு வாங்கக் காசில்லாத நாட்களில் எங்களுக்கு அதுதான் கோலிக்குண்டு. ஆனால் வேலைக்கு ஆவது விதையல்ல, மேல்தோல். தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் நுரைத்துக்கொண்டு வரும். யார் கற்றுக்கொடுத்தார்களோ, சோப்பு மாதிரியே!

மரத்துக்குப் பூவந்தி, பூந்தி, நெய்க்கொட்டான் என்று பல பெயர்கள். ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1753-ல் உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் பெயர்சூட்டு விழா நடத்தினாரே, அப்போது இந்த மரப் பேரினத்துக்கு 'சபிண்டஸ்' என்று வைத்தார். லத்தீனில் சோப்பு, இந்தியா என்ற இரண்டு வார்த்தைகளையும் ஒட்டவைத்த பெயர் அது. இந்திய சோப்பு! இதே பேரினத்து மரங்கள் அமெரிக்காவிலும் உண்டு. அங்கேயும் பழத்தைத் துணி துவைக்க வைத்துக்கொண்டு, விதையைச் சட்டைப் பட்டனாகவும் ஜெபமாலை மணியாகவும் ஆக்கினார்கள். நாங்கள் அதை வைத்துக் குண்டு அடித்தோம். அவரவர் தேவை.

இந்தக் குடும்பத்தின் சொந்தக்காரர்களை நீங்கள் ஏற்கெனவே சந்தித்திருக்கிறீர்கள். முழங்கால் வலிக்கிறது என்றால் அம்மா தோசை மாவில் அரைத்து ஊற்றும் முடக்கத்தான் கொடி இதே குடும்பம். குற்றாலம் சீசனுக்குப் போனால் பஸ்ஸுக்குள் நீட்டி விற்பார்களே, உடம்பெல்லாம் முடி வைத்த ரம்புத்தான், அதுவும் இதே குடும்பம். லிச்சிப் பழம்கூடப் பங்காளிதான். ஒரு வீட்டில் ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் பழ வியாபாரி, ஒருத்தர் சலவைத் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு விசேஷம். நம்ம ஊரே ஒரு மரத்தின் பெயரில் கடம்பவனம். அதைச் சுற்றி மேற்கே 40 கிலோமீட்டர் சுமாருக்குப் போனால் உசிலம்பட்டி. உசில மரம் நிறைந்திருந்ததால் அந்தப் பெயர் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். உசில இலையை உலர்த்திப் பொடித்தால் அதுதான் தலைக்குத் தேய்க்கிற அரப்பு. அங்கிட்டு விட்டு இங்கிட்டு வந்து, கிழக்கே சிவகங்கை பஸ்ஸில் ஏறினால் வரிச்சியூரைத் தாண்டிப் பூவந்தி. மரத்தின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றே. மேற்கே ஒரு சோப்பு, கிழக்கே ஒரு சோப்பு. நடுவில் மதுரை. இவ்வளவு இருந்தும் நாம் எப்படி இருக்கிறோம் என்பதை வைகை ஆற்றைப் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும்.

சரி, ஒரு காய்ந்த தோல் எப்படி அழுக்கை எடுக்கிறது? விஷயம் சுலபம். அழுக்கில் பாதி எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பரம்பரைப் பகை. ஒன்றோடொன்று பேசாது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். பூந்தித் தோலில் இருக்கும் சப்போனின் என்கிற பொருள்தான் அந்தத் தரகர். அதன் ஒரு பக்கம் சர்க்கரைச் சரம். தண்ணீரோடு கொஞ்சிக் குலாவும். மறு பக்கம் கொழுப்போடு ஒட்டும். இந்தக் கையால் பிசுக்கைப் பிடித்து, அந்தக் கையால் தண்ணீரைப் பிடித்து, இரண்டையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடும். சோப்பும் பவுடரும் பார்ப்பது இதே தரகு வேலைதான்.

மேன்ஷனில் குடியிருக்கும் தம்பிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கவும். போர்த் தண்ணீரில் பார் சோப்புப் போட்டிருப்பீர்கள். கை வலிக்கத் தேய்த்தாலும் நுரை வராது. பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஏதோ படியும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பை அமுக்கிப் பிடித்துக் கரையாத கசடாக ஆக்கிவிடுகின்றன. நீங்கள் கொடுத்த காசில் பாதி அந்தக் கசடுக்கே போகிறது. பூந்தி அந்த வலையில் சிக்காது. எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரில் காபி போட்டால் பால் திரிந்த மாதிரி இருக்கும். அதிலேயே பூந்தி நுரைக்கும்.

இன்னொரு குணம், அது காரம் இல்லாதது. சாதாரண சோப்பு காரத் தன்மை உள்ளது. பூந்தித் தண்ணீர் லேசான புளிப்புப் பக்கம். பட்டும் கம்பளியும் நம்ம தலைமுடி மாதிரியே புரத நூல்கள். காரம் பட்டால் மெல்ல மெல்ல உயிர் போகும். கல்யாணப் பட்டுப் புடவையை மட்டும் அம்மா சோப்புப் பக்கமே காட்டாமல், பூந்தித் தண்ணீரில் முக்கி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்தியதற்குக் காரணம் இதுதான். அம்மா கெமிஸ்ட்ரி படித்ததில்லை. அவர் அம்மா சொன்னார், செய்தார்.

இத்தனை மகிமை இருந்தும் பூந்தி ஏன் தோற்றது? பூந்தியை உடைக்க வேண்டும், ஊறவைக்க வேண்டும், கசக்க வேண்டும், வடிகட்ட வேண்டும். பவுடருக்குக் கத்தரிக்கோல் போதும். 1888-ல் கல்கத்தா துறைமுகத்தில் சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்ற லேப் உதவியாளர் நிர்மா பவுடரைக் கலக்கிச் சைக்கிளில் கொண்டுபோய் விற்க ஆரம்பித்தார். பவுடர் என்பது பணக்கார வீட்டுச் சமாசாரம் என்ற நிலைமை போயிற்று. காலையில் எட்டு மணிக்கு ஆபீஸ் பஸ் பிடிக்கிற குடும்பத்தில் எவர் உட்கார்ந்து கொட்டை உடைப்பார்? நியாயம்தானே?

அப்படியும் பூந்தியை விடாத இடம் ஒன்று உண்டு. தட்டார் பட்டறை. அங்கேதான் நான் வளர்ந்தேன்.

தெற்காவணி மூல வீதியில் கண்ணாடி மாளிகைகளாக நிற்கும் நகைக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பின்புறத்துச் சந்துகளில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத மாடியறைகள் இருக்கும். அதில் ஒன்றில் அப்பா நகை வேலை செய்தார். ஊதுகுழல், சாமணம், வெங்காரக் கிண்ணம், உமிச் சட்டி. இவற்றோடு எப்போதும் ஒரு மண் சட்டியில் பூந்திக்கொட்டை ஊறிக்கொண்டிருக்கும். செய்து முடித்த நகை கருத்துப் போய் இருக்கும். அதைப் பூந்தித் தண்ணீரில் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, மரத்தூளில் புரட்டி எடுப்பார். அப்போதுதான் தங்கம், தங்கமாக முழிக்கும்.

அரக்கு வைத்த நகையை மட்டும் வெந்நீரில் விட மாட்டார். அரக்கு இளகிவிடும். இதிலும் ஒரு வேடிக்கை. அந்த அரக்கைத் தருகிற பூச்சிகளை ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் குசும் என்ற மரத்தில் வளர்க்கிறார்கள். அந்த மரமும் பூந்திக்கு ஒன்றுவிட்ட உறவு. நகைக்குள்ளே ஒரு பங்காளி, வெளியே குளிப்பாட்ட இன்னொரு பங்காளி.

ஒரு விஷயத்தில் அப்பா பிடிவாதக்காரர். பழைய நகை கழுவ வந்தால் கஸ்டமர் கண் முன்னால் எடை போடுவார். கழுவி உலர்த்தியதும் மறுபடி எடை போடுவார். தாத்தா காலத்தில் குன்றிமணி வைத்து நிறுத்ததாகச் சொல்வார்கள். அப்பா காலத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னத் தராசு. இரண்டு எடையையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். "எதுக்குப்பா இவ்வளவு?" என்று கேட்டால், "அழுக்கை மட்டும்தான் எடுத்தேன்னு காட்டணும்ல" என்பார்.

தாத்தாவிடமிருந்து வந்த பழக்கம் அது. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். தேசம் முழுக்கத் தட்டார் பட்டறைகளில் உமி அவிந்தது. வேலை போய், மானம் போய், உயிரையே விட்டவர்களும் உண்டு. 14 காரட்டில் தாலி செய்துகொள்ள எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? தாத்தாவுக்கு மிஞ்சியது பழைய நகையைக் கழுவிக் கொடுக்கும் வேலை மட்டுமே. வீதி வீதியாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுப் பெண்கள் பார்க்கப் பார்க்கக் கழுவிக் கொடுத்து நாலணா, எட்டணா வாங்கி வருவாராம். "அந்த வருஷம் நமக்குச் சோறு போட்டது தங்கம் இல்லடா, பூந்திக்கொட்டை" என்பார் அப்பா. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல் ரத்தானபோது தாத்தா இல்லை. பூந்திச் சட்டி இருந்தது.

அந்தத் துண்டுச் சீட்டின் அருமை எங்களுக்கு 1996-ல் தெரிந்தது.

எதிர் வீட்டு அத்தைக்கு அப்பா 3 பவுனில் ஒரு செயின் செய்து கொடுத்திருந்தார். சீட்டில் 24 கிராம். மூன்று வருஷம் கழித்து, மகனுக்குப் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று அத்தை அதை அடகு வைக்கப் போனார். அங்கே மதிப்புப் பார்த்தவர் நிறுத்துவிட்டு, "22 கிராம் 600 மில்லிதாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம், தெருவே வாசலில் உட்கார்ந்திருக்கிற நேரம். அத்தை எங்கள் வாசலில் நின்று குரலை உயர்த்தினார்.

"அண்ணே, கூடப் பொறந்தவுக மாதிரின்னு நம்பித்தானே குடுத்தேன்! ஒன்றரை கிராம் கொறையுதாம்ல! கல்லு மண்ணு தூக்குற காசுண்ணே அது!"

நகை வேலைக்காரனுக்கு முதல் என்பது தராசோ, ஊதுகுழலோ அல்ல. ஊரார் தங்கத்தை நம்பிக் கொடுக்கிற பேர் ஒன்றுதான். அது ஒரு சாயங்காலத்தில் போய்விடும். அப்போது காலேஜில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. சண்டைக்குக் கிளம்பினேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அப்பா ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. "செயினைக் குடும்மா" என்று மட்டும் கேட்டு வாங்கினார். முதலில் நிறுத்தார். அதே 22 கிராம் 600 மில்லி. பிறகு கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு, டியூப் லைட்டுக்கு அடியில் ஒவ்வொரு கண்ணியாகத் திருப்பிப் பார்த்தார். கால் மணி நேரம். தெரு முழுக்க எங்கள் வாசலில்.

பிறகு தலை நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, உன் அழுக்கு எங்கே?"

அத்தைக்குப் புரியவில்லை. யாருக்குமே புரியவில்லை. அப்பா விளக்கினார். மூன்று வருஷம் கழுத்தில் கிடந்த செயின். மஞ்சள், சோப்பு, வியர்வை, பவுடர் எல்லாம் கண்ணிகளின் இடுக்கில் அடைந்திருக்க வேண்டும். பூந்தி போட்டுக் கழுவினால்கூட ஓர் இடுக்கு, இரண்டு இடுக்கில் மிச்சம் நிற்கும். இதிலே பொட்டு அழுக்கு இல்லை. அடுத்தது, செயின் தேய்ந்தால் கண்ணியும் கண்ணியும் உரசுகிற இடத்தில் தேயும், தோலில் படுகிற பக்கம் வழுவழுவென்று ஆகும். இதிலே உரசாத உள்பக்கமும் சொரசொரவென்று அரித்திருக்கிறது. அவர் வெட்டிய பூ வேலையின் கூர்மை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கிறது.

"இது தேய்மானம் இல்லம்மா. திராவகத்துல குளிச்சிருக்கு. யாருகிட்டம்மா குடுத்தே?"

அத்தையின் முகம் மாறியது. "யாத்தீ..." என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் டிப்டாப்பாகப் பேன்ட் சட்டை போட்ட இரண்டு பேர் பாலிஷ் பவுடர் விற்க வந்தார்கள். கம்பெனி விளம்பரம், காசு வேண்டாம் என்றார்கள். முதலில் குத்துவிளக்கு. பளபள. அடுத்து வெள்ளிக் கொலுசு. பளபள. "செயினையும் குடுங்கக்கா." தங்கள் கிண்ணத்தில் செயினைப் போட்டுக் குலுக்கி, மஞ்சள் தண்ணீரில் மாற்றி, "பத்து நிமிஷம் ஆறட்டும், அப்புறம் தொறங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தால் செயின் புதுசு மாதிரி மின்னியது. அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கிண்ணத்தில் இருந்தது ராஜ திராவகம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. தனித்தனியாக விட்டால் இரண்டுமே தங்கத்திடம் தோற்றுப்போகும். கூட்டணி வைத்தால் தங்கத்தையே கரைக்கும். கரைந்த தங்கத்தோடு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். வீட்டில் சாவகாசமாக அதிலிருந்து தங்கத்தைப் பிரித்துக்கொள்வார்கள். மஞ்சள் தண்ணீர் எதற்கென்றால், அவர்கள் தெருமுனை தாண்டும்வரை நீங்கள் செயினைப் பார்க்காமல் இருப்பதற்கு.

அந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நானே கதவைத் திறந்தேன். அம்மா உள்ளேயிருந்தபடியே, "எங்க வீட்டுல பூந்திக்கொட்டை இருக்குப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நுரை வரும்போது அம்மாவுக்குத் தெரியும், அதில் எதுவும் தொலையாது என்று.

அத்தை அழுதார். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "எங்கிட்டக் கேக்க வேணாம்மா. நீ தெருவுல நின்னு சொன்னதைத் தெருவுல நின்னு மாத்திச் சொல்லு. அது போதும்." மறுநாள் காலையில் குழாயடியில், குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அத்தை தானாகவே எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னார். அந்த மனசு எல்லோருக்கும் வராது. ஆனாலும் அந்த ஒரே ராத்திரிக்குள், வேலைக்குக் கொடுத்திருந்த தங்கத்தை இரண்டு பேர் திருப்பி வாங்கிப் போயிருந்தார்கள். ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவே இல்லை. பேர் என்பது திராவகத்தில் விழுந்த தங்கம் மாதிரி. மீட்கலாம், முழு எடைக்கு மீட்க முடியாது.

இப்போது பூந்திக்கொட்டைக்கு மறுபடி நல்ல காலம் பிறந்திருக்கிறது. எங்கள் ஆபீஸ் எம்.சி.ஏ. தம்பியே மறுநாள் செல்போனில் தேடி, ஒரு அழகான பாட்டில் படத்தைக் காட்டினார். பூந்திக்கொட்டைத் திரவம். பச்சை இலை படம் போட்டு 'கெமிக்கல் இல்லாதது' என்று எழுதியிருந்தது. விலையைப் பார்த்ததும் தாத்தாவின் நாலணா ஞாபகம் வந்தது. சப்போனினும் கெமிக்கல்தான் தம்பி. தண்ணீரே கெமிக்கல்தான். கேள்வி அது எதை எடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பதுதான்.

பூந்தி மேல் உள்ள பாசத்தில் அதற்கு இல்லாத பெருமையைச் சேர்க்க மாட்டேன். சட்டைக் காலரில் ஒரு வார மதுரை வெயில் படிந்த கருப்புக் கோட்டுக்குப் பூந்தி போதாது. வெள்ளைச் சட்டையைத் தொடர்ந்து துவைத்தால் லேசாகப் பழுப்புத் தட்டும். கண்ணில் பட்டால் அன்றைக்குக் கேஷுவல் லீவுதான். வாயில் வைக்கக் கூடாது. மீன் தொட்டிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. குளத்தில் இதைக் கரைத்து மீனை மயக்கிப் பிடித்தவர்கள் உண்டு. சப்போனின் செவுள் வழியாக மீனின் ரத்தத்தைப் பதம் பார்த்துவிடும்.

பட்டுப் புடவை, பட்டு வேட்டி, கம்பளி, நகை. இந்த நாலுக்கும் அதை விட்டால் ஆளில்லை. முறை இதுதான். ஏழெட்டுக் கொட்டையை உடைத்து விதையை எடுத்துவிடுங்கள். தோலை வெந்நீரில் ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் நன்றாகக் கசக்கித் துணியில் வடிகட்டுங்கள். நுரையைப் பார்த்து 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். நுரையும் சுத்தமும் வேறு வேறு. அதிகமாக நுரைக்கிறவர்கள் அதிகமாக வேலை செய்வதில்லை என்பது ஆபீஸில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? வடித்த தண்ணீரை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வைத்திருந்தால் ஊசிப்போகும்.

எடுத்த விதையைத் தூக்கி எறியாதீர்கள். கடைக் கொட்டையை வெயிலில் எத்தனை நாள் காய வைத்தார்களோ, எல்லா விதையும் முளைக்காது. தோல் வேறு இரும்பு. லேசாக உரசி, தண்ணீரில் ஊறவைத்து நாலைந்தை ஊன்றினால் ஒன்றாவது எழுந்திருக்கும். வறண்ட காட்டோரத்திலும் தோட்டத்து வேலியிலும் வளர்ந்து பழகிய மரம் அது. நம்ம ஊர் மண்ணும் வெயிலும் அதற்கு ஒத்துக்கொள்ளும். காய்க்கப் பல வருஷம் ஆகும். நகரத்தில் அபார்ட்மென்ட் கட்டும்போது முதலில் வெட்டுவது இந்த மாதிரி 'பிரயோஜனம் இல்லாத' மரங்களைத்தான். எந்தப் பிரயோஜனம் என்று கேட்க ஆள் இல்லாதபோது வெட்டுவது சுலபம்.

அப்பாவுக்கு இப்போது வயது 79. கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, புது நகை செய்வதில்லை. ஆனால் தெருவில் யாராவது நகை கழுவக் கொண்டுவந்தால் மறுப்பதில்லை. பேரன் வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரானிக் தராசில் கழுவுவதற்கு முன்னால் ஒரு எடை, கழுவிய பிறகு ஒரு எடை. துண்டுச் சீட்டு. அழுக்குக்கும் கொஞ்சம் எடை உண்டு என்பதால் பாயின்ட்டுக்கு அப்புறம் கடைசி நம்பர் மட்டும் லேசாக ஆடும். மற்றது அப்படியே நிற்கும். அதைப் பார்த்து ஒரு திருப்தி, ஒரு சின்னச் சிரிப்பு.

நாமும்தான் ஆபீஸில் ஒருத்தரை ஒருத்தர் கழுவி ஊற்றுகிறோம். கழுவுவதில் தப்பில்லை. கழுவி முடித்த பிறகு ஆளின் எடை குறையாமல் இருந்தால் அது பூந்திக்கொட்டை. அழுக்கோடு ஆளும் கரைந்துபோனால் அது ராஜ திராவகம்.

இந்தக் கடைசிப் பாராவை எங்கள் மேனேஜர் ரூம் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம் என்று இருக்கிறேன். இன்கிரிமென்ட் ஆர்டர் கைக்கு வந்த பிறகு!